'இன்னா மச்சி, ஆளு யாரு?': மாற்றுத்திறனாளியிடம் மட்டும் இந்தக் கேள்வியை நாம ஏன் கேட்பதில்லை?

ராயபுரமோ காசிமேடோ திருவொற்றியூரோ, சாயங்காலம் ஒரு டீக்கடை ஓரமா பத்து நிமிஷம் நின்னு பாருங்க. புதுச் சட்டை போட்டு வர்ற பையனை யாரும் சும்மா விடமாட்டாங்க. "இன்னா மச்சி, ஆளு யாரு?" என்று ஆரம்பிச்சு, அவன் போனைப் பிடுங்கி, பேரைக் கண்டுபிடிச்சு, ஒரு டீ வாங்கிக்கொடுக்க வைக்கிறவரை ஓயமாட்டாங்க.

அதே கடையில், அதே வயசில், கால் நடக்க முடியாத ஒரு பையன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார். அவரும் புதுச் சட்டைதான் போட்டிருப்பார். அவரிடம் வரும் கேள்வி: "பென்ஷன் ஏறிச்சாப்பா? டாக்டர் இன்னா சொன்னாரு?"

அக்கறையான கேள்விதான். ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கு. முதல் பையனை ஊர் ஒரு காதலனாகப் பார்க்குது. இரண்டாவது பையனை நோயாளியாகப் பார்க்குது. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்வது பற்றி உச்ச நீதிமன்றம் இரண்டு வருஷத்தில் இரண்டு முறை பேசியிருக்கு. அந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போதுதான் இந்த டீக்கடைக் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. கலாய்க்கிறதும் காதலும் தனித்தனி விஷயம் இல்லை என்று தோணுது. எப்படி? பார்ப்போம்.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

முதல் வழக்கு 2024. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படத்தில் மறதி நோய் உள்ள அப்பா, காது கேளாதவர், திக்கிப் பேசுபவர் என்று ஒரு குடும்பத்தையே காமெடிக்கு வைத்திருந்தார்கள். காது கேளாதவரை 'சவுண்ட் ப்ரூஃப்' என்பதும், திக்குபவரை சிக்கிக்கொண்ட கேசட் என்பதும்தான் அந்தப் படத்தின் ஜோக். சக்கர நாற்காலியில் இயங்கும் உரிமைச் செயற்பாட்டாளர் நிபுன் மல்ஹோத்ரா வழக்குப் போட்டார்.

2024 ஜூலை 8 அன்று அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா அமர்வு தீர்ப்பு சொன்னது. படத்தைத் தடை செய்யவில்லை. ஆனால் ஒரு முக்கியமான கோடு போட்டது. மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்து, நம்முடைய தப்பான எண்ணங்களை உடைக்கிற நகைச்சுவை ஒரு வகை. மாற்றுத்திறனாளியை மட்டம் தட்டி, அவரை இன்னும் ஒடுக்குகிற நகைச்சுவை இன்னொரு வகை. முதலாவது வேண்டும், இரண்டாவது கூடாது என்பதுதான் அந்தக் கோடு. இழிவான சொற்களைத் தவிர்க்கணும், 'பாவப்பட்டவர்' என்றும் காட்டக்கூடாது, 'எல்லாத்தையும் ஜெயிச்ச சூப்பர் மனிதர்' என்றும் காட்டக்கூடாது, அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களையே கலந்துகொள்ளணும் என்றெல்லாம் வழிகாட்டுதல்களும் கொடுத்தது.

இரண்டாவது வழக்கு 2025. எஸ்.எம்.ஏ. என்ற அரிய தசைநார் நோய் உள்ள குழந்தைகளின் மருந்துச் செலவை வைத்து ஜோக் அடித்ததாக, சமய் ரெய்னா உள்ளிட்ட ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் மீது க்யூர் எஸ்.எம்.ஏ. அறக்கட்டளை புகார் சொன்னது. தங்கள் சமூக ஊடகப் பக்கங்களிலேயே மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஆகஸ்ட் மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பரில் இன்னொரு படி மேலே போய், மாற்றுத்திறனாளிகளை மேடைக்கு அழைத்து மாதம் இரண்டு நிகழ்ச்சியாவது நடத்தி, சிகிச்சைக்கு நிதி திரட்டுங்கள் என்றது.

முதல் தீர்ப்பு மாற்றுத்திறனாளியை ஜோக் அடிக்கும் ஆளாகவும் பார்க்குது. இரண்டாவது உத்தரவில் அவர் திரும்பவும் நிதி திரட்டப்படும் ஆளாக ஆகிவிடுகிறாரோ என்று எனக்கு ஒரு சின்ன நெருடல். நோக்கம் நல்லதுதான். ஆனால் நம்ம டீக்கடை மாதிரியே, பேச்சு கடைசியில் மருந்துச் செலவில்தானே போய் நிக்குது?

அப்போ கலாய்க்கவே கூடாதா?

வடசென்னையில் இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டாங்க. இங்கே பட்டப்பேர் இல்லாதவன் ஆளே இல்லை. குண்டு, கருவாடு, சோடாபுட்டி என்று எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும். அந்த வரிசையிலேயே 'நொண்டி', 'செவிடு' என்பதும் ரொம்ப சாதாரணமா வந்துவிடும். "நாங்க பாசமாத்தான் கூப்பிடறோம்" என்பார்கள்.

இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்கணும். கருவாடு என்று கூப்பிடப்படுபவனுக்கு காதல், கல்யாணம், வேலை எதுவும் அந்தப் பேரால் நின்றுபோவதில்லை. 'நொண்டி' என்று கூப்பிடப்படுபவனுக்கு அந்தப் பேர்தான் பொண்ணு வீட்டு வாசல் வரை முன்னால் போகுது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92 இதைக் குற்றமாகவே சொல்லுது: பொதுப் பார்வையில் படும் இடத்தில், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை.

ஆனால் கலாய்க்கவே மாட்டோம் என்பதும் ஒரு வகை ஒதுக்கல்தான். யாரை நாம கேலி செய்யப் பயப்படுகிறோமோ அவரை நம்ம கூட்டத்தில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். கலாய்க்கட்டும். காலை விட்டுட்டு, அவர் ரகசியமாகப் பேசும் போன் காலை வைத்துக் கலாய்க்கட்டும்.

அவர்களே மேடை ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையின் நிதி கோயல் ஒரு உதாரணம். பார்வை மாற்றுத்திறனாளி, ஸ்டாண்ட்-அப் கலைஞர், பெண் உரிமைச் செயற்பாட்டாளர். காதல், டேட்டிங் எல்லாம் அவருடைய காமெடியில் வரும். அதில் கேலிக்கு உள்ளாவது அவருடைய கண் இல்லை. பார்வை உள்ளவர்கள் அவர் முன்னால் திணறுகிற திணறல்.

தமிழ் சினிமா பக்கம் வந்தால், திக்குவாயையும் மாறுகண்ணையும் வைத்து ஓட்டிய காமெடி டிராக்குகளுக்குக் கணக்கே இல்லை. மறுபக்கம் 2007-ல் 'மொழி', 2014-ல் பார்வையற்ற இருவரின் காதலைச் சொன்ன 'குக்கூ', 2019-ல் வெளியான 'பேரன்பு' என்று சில படங்கள். இதில் 'பேரன்பு'தான் யாரும் தொடாத இடத்தைத் தொட்டது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு வளரிளம் பெண்ணுக்கு உடல் ஆசை வரும் என்பதை ஒரு அப்பா புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தியேட்டரில் அந்தக் காட்சிகளின்போது என் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு.

திருவொற்றியூரிலேயே ஒரு பழைய கதை

தமிழ் இலக்கியம் படிச்சவன் என்பதால் ஒரு நிமிஷம் பக்கவாட்டில் போறேன், மன்னிக்கணும். காதல், பார்வை இழப்பு, கிண்டல் மூன்றும் ஒரே இடத்தில் சேரும் ஒரு கதை நம்ம திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலிலேயே இருக்கு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் சுந்தரர் கதை.

ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் என்ற மனைவி இருக்கும்போது, ஒற்றியூர் கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்து மயங்குகிறார் சுந்தரர். சிவனையே தூது போகச் சொல்கிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யணும் என்கிறது பெண் தரப்பு. சுந்தரர் சிவனிடம் ரகசியமா ஒரு டீல் பேசுகிறார்: நான் சன்னதியில் சத்தியம் பண்ணும்போது நீங்க கருவறையில் இருக்காதீங்க, வெளியே மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க. சிவன் சரி என்கிறார். சொல்லிவிட்டு நேராகச் சங்கிலியார் கனவில் போய், 'சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கோ' என்று போட்டுக் கொடுக்கிறார். நண்பனை இதைவிட அழகா யாரும் மாட்டிவிட்டதில்லை. மாசித் திருவிழாவில் 'மகிழடி சேவை' என்று இன்றைக்கும் இது நடக்குது.

பிறகு சுந்தரர் சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போகுது. திருவெண்பாக்கத்தில் ஒரு ஊன்றுகோல் கிடைக்குது. காஞ்சிபுரத்தில் இடது கண்ணும், திருவாரூரில் வலது கண்ணும் திரும்ப வருது. எனக்குப் பிடித்தது நடுவில் உள்ள அந்தப் பயணம். பார்வை இல்லாமல் நடந்துகொண்டே சுந்தரர் சிவனோடு சண்டை போடுகிறார், குத்திக்காட்டுகிறார், நல்லா இருங்க சாமி என்று நக்கலடிக்கிறார். காதலியைப் பார்க்கப் போகும் வேகம் மட்டும் குறையவே இல்லை.

இந்தக் கதையில் ஒரு சிக்கலும் இருக்கு. பார்வை இழப்பு இங்கே தண்டனையாக வருது. அந்த எண்ணம் இன்னும் சாகவில்லை. 2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில், உடல் குறைபாடு முன்ஜென்ம பாவத்தால் வருவது என்ற பொருளில் ஒரு சொற்பொழிவாளர் பேசியதும், அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்ட பார்வை மாற்றுத்திறனாளியான தமிழ் ஆசிரியரும் ஞாபகம் இருக்கும். அந்தப் பேச்சாளர் செப்டம்பரில் கைது செய்யப்பட்டார். 'பாவத்தின் சம்பளம்' என்று ஒரு உடலைப் பார்க்கிறவன், அந்த உடலை யாரோ ஆசையாகக் கட்டிப்பிடிப்பார்கள் என்று எப்படி நினைப்பான்?

சரி, சந்திக்கிறது எங்கே?

காதலுக்கு முதலில் தேவை கவிதை இல்லை. தனியா வெளியே போய் வர ஒரு வழி. வடசென்னையில் ஒரு ஜோடி எங்கே போகும்? கடற்கரைக்கு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்காங்க. அந்தப் பாறைகள் மேல்தான் சாயங்காலம் ஜோடிகள் உட்கார்ந்திருக்கும், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஊன்றுகோலோடு அந்தப் பாறையில் ஏறுவதே ஆபத்து. சக்கர நாற்காலி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். முதல்முறையாகக் கடல் அலையைக் கிட்டத்தில் பார்த்தவர்களின் முகம் எல்லா சேனலிலும் வந்தது. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள்.

மெட்ரோ பெரிய மாற்றம். 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் பாதை திறந்தது. தேதியைக் கவனிச்சீங்களா? காதலர் தினம். லிஃப்ட் இருக்கு, சாய்தளம் இருக்கு, தரையில் தடம் காட்டும் கற்கள் இருக்கு. ரயிலுக்குள் வந்துவிட்டால் யார் துணையும் தேவையில்லை. பிரச்சினை நிலையத்துக்கு வெளியே. நடைபாதை எங்கே முடியுது, கடை எங்கே ஆரம்பிக்குது என்று தெரியாத ரோடு, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை. 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 58 தாழ்தளப் பேருந்துகளை இறக்கியது. ஏறுவது சுலபம்தான். அந்த பஸ் நிற்கும் இடம் வரை போவதுதான் பாடு.

அதனால் என் கணக்கில், இந்தப் பகுதியின் உண்மையான காதல் வாகனம் அரசு இலவசமாகக் கொடுக்கும் அந்த இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்தான். திட்டத்தின் நோக்கம் படிப்பு, வேலை, சுயதொழில். ஆனால் அதில் ஒரு பின்சீட் இருக்கு! அந்த சீட்டில் யார் உட்காரணும் என்பதை வீட்டில் யாரும் முடிவு பண்ண முடியாது. அம்மாவோ தம்பியோ கூட வரவேண்டிய அவசியமில்லாமல் எண்ணூர் வரை ஒரு ரவுண்ட் போய்வர முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, எப்போதும் இரண்டு காலில் நடந்த நமக்குச் சட்டென்று புரியாது.

வீட்டுக்குள் வந்தால் இன்னும் நெருக்கடி. பழைய குடியிருப்பு வாரிய பிளாக்குகளில் மூன்று மாடி ஏறணும், லிஃப்ட் கிடையாது. உள்ளே ஒரு ஹால், ஒரு கிச்சன். குளிக்க, உடை மாற்ற இன்னொருவர் உதவி தேவைப்படும் ஆளுக்குத் தனிமை என்பதே கிடையாது. போனில் பேசினால் கூட உதவி செய்பவர் காதில் விழும். கட்டிப்பிடிக்க ஆசை வந்தால் யாரிடம் அனுமதி கேட்பது?

கட்டைவிரலுக்கு 30 சதவீதம்

வடசென்னையில் எல்லாருமே பிறப்பிலேயே மாற்றுத்திறனாளி ஆனவர்கள் இல்லை. பிரஸ், லேத், கன்வேயர், கப்பல் சரக்கு என்று உழைக்கும் ஊர் இது. மெஷினில் கை போனால் ஓடுவது ஸ்டான்லி மருத்துவமனைக்கு. அங்குள்ள கை அறுவை சிகிச்சைப் பிரிவு டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது, நாட்டுக்கே முன்னோடி. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை சிகிச்சையும் அங்கேதான் நடந்தது.

கை போனவருக்கு இழப்பீடு எப்படிக் கணக்கிடுவாங்க தெரியுமா? 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. ஒரு கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஒரு கண் போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் 40. இரண்டு கையும் போனால் 100. எதில் 100? 'சம்பாதிக்கும் திறன்' இழப்பில்.

அட்டவணை நியாயமானதுதான், அது இல்லையென்றால் தொழிலாளி நடுத்தெருவில். ஆனால் குழந்தையைத் தூக்குவது, மனைவிக்குத் தலை வாரிவிடுவது, இருட்டில் ஒருத்தர் கையை ஒருத்தர் தேடுவது எதுக்கும் அதில் நெடுவரிசை கிடையாது. முதுகுத்தண்டில் அடிபட்டவர் எத்தனை பேர் டாக்டரிடம் "இனிமே நாங்க ரெண்டு பேரும் எப்படி சார்?" என்று கேட்கத் துணிவார்? கேட்கலாம். முதுகுத்தண்டுக் காயத்துக்குப் பிறகும் தாம்பத்தியம் சாத்தியம், பலருக்குக் குழந்தையும் சாத்தியம், அதற்கு மருத்துவ வழிகள் இருக்கு. 2016 சட்டத்தின் பிரிவு 25, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலச் சேவையை, குறிப்பாக மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு, அரசின் சுகாதாரக் கடமைகளில் ஒன்றாகவே எழுதியிருக்கு.

சட்டம் யார் பக்கம்?

காகிதத்தில் பார்த்தால் காதலர்கள் பக்கம்தான். இந்தியா 2007-ல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 23-வது பிரிவு, திருமணம் செய்யவும் குடும்பம் அமைக்கவும் உரிமை உண்டு என்கிறது. வலிப்பு நோயைக் காரணம் காட்டி திருமணத்துக்குத் தடை சொல்லும் வாசகம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-ல் போனது. தொழுநோய் ஒரு விவாகரத்துக் காரணமாக 2019 வரை இருந்தது.

பெண்களின் நிலைமைதான் கொடுமை. 1994-ல் புனேயில், ஒரு அரசு இல்லத்திலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குக் கருப்பையை அகற்றியது நாடு முழுக்க அதிர்ச்சியானது. 'மாதவிடாய் பராமரிக்கக் கஷ்டம்' என்பது அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2009-ல் சண்டிகர் வழக்கில், லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவர் கருவைக் கலைக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இப்போது பிரிவு 10-ன்படி, சுதந்திரமான சம்மதம் இல்லாமல் யாருக்கும் மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சை செய்யக்கூடாது.

நம்ம மாநில அரசின் திருமண உதவித் திட்டம் பலருக்குத் தெரியும். 25,000 ரூபாய், பட்டம் அல்லது டிப்ளமோ படித்தவர் என்றால் 50,000 ரூபாய், கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியா விண்ணப்பிக்கலாம். நல்ல திட்டம், எத்தனையோ குடும்பம் இதில்தான் தொடங்கியிருக்கு. ஆனால் அதன் தலைப்புகளை ஒருமுறை படிங்க. பார்வையற்றவரை மணக்கும் 'நல்ல நிலையில் உள்ளவருக்கு', கை கால் பாதிக்கப்பட்டவரை மணக்கும் 'நல்ல நிலையில் உள்ளவருக்கு' என்று போகுது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 2010-ல் கருணாநிதி 'மாற்றுத்திறனாளி' என்று பேர் வைத்தார். துறையின் பேர் மாறியது, 'நல்ல நிலை' மட்டும் அப்படியே நிக்குது. நிதி கோயல் மாதிரி ஒருத்தர் கையில் இந்தப் படிவம் கிடைத்தால் அரை மணி நேர ஷோ ரெடி.

மேட்ரிமோனி தளங்களிலும் இதே கதைதான். உடல்நிலை என்ற கட்டத்தில் 'நார்மல்' என்று டிக் அடித்து வடிகட்டினால் ஒரே விநாடியில் லட்சம் பேர் மறைந்துவிடுவார்கள். டேட்டிங் ஆப்பில் முதல் போட்டோவிலேயே சக்கர நாற்காலி தெரியணுமா, பேசிப் பழகின பிறகு சொல்லணுமா என்பது தீராத தலைவலி. முதல்லயே காட்டினால் யாரும் பேசறதில்லை, அப்புறம் சொன்னால் ஏமாத்தினதா பழி. மாற்றுத்திறனாளிகளுக்காகவே 2016-ல் வந்த 'இன்க்லவ்' ஆப் 2019-ல் மூடப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள்.

கடைசியா, எங்க டெஸ்க் கதை ஒண்ணு. ஒரு பிப்ரவரி 14-க்கு வடசென்னையிலிருந்து ஒரு கல்யாண போட்டோ வந்தது. பெண்ணும் பையனும் மாற்றுத்திறனாளிகள், காதல் திருமணம். நான் டைப் பண்ணின தலைப்பு: 'ஊனத்தை வென்ற காதல்... நெகிழ வைக்கும் சம்பவம்!' பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்து, "அந்தப் பையன் சிரிக்கிற சிரிப்பைப் பாரு, அவன் எதையும் வென்ற மாதிரி இல்ல, மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கான்" என்றார். டெஸ்க்கே சிரித்தது. தலைப்பை 'மூணு வருஷ லவ்... ஒருவழியா ஓகே சொன்ன மாமனார்!' என்று மாற்றினேன். செய்தியில் அதுதான் விஷயமாவும் இருந்தது.

க்ளிக் கொஞ்சம் கம்மிதான். ஆனால் அந்த மாப்பிள்ளை லிங்க்கை ஷேர் பண்ணியிருந்தார். கீழே அவருடைய நண்பர்கள் எழுதினதில் ஒருத்தர் கூட டாக்டரைப் பற்றியோ பென்ஷனைப் பற்றியோ கேட்கலை. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "மச்சி, ட்ரீட் எப்போ?"